எல்லைக் காவலும் அறிஞர் வருகையும்: ஐக்கிய அமெரிக்க வீசா நடைமுறை பற்றிய ஒரு நோக்கு

2006ஆம் ஆண்டு பெப்ரவரியில், பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தின் முன்னாட் பணிப்பாளர் பேராசிரியர் கோவர்தன் மேத்தா, புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்றுச் செல்லும்பொருட்டுச் சென்னையிலுள்ள ஐக்கிய அமெரிக்கக் கொன்சல் அலுவலகத்தில் வீசாவுக்கு விண்ணப்பித்தார். அக்காலத்தில் அவர் சர்வதேச விஞ்ஞானப் பேரவையின் தலைவருமாவார். எனினும் அவரது இரசாயன ஆராய்ச்சி இரசாயனப் போர்முறைக்கு உதவக்கூடும் என்ற ஐயம் எழுப்பப்பட்டது, வீசா கிடைக்கவில்லை. கண்டனங்கள் எழுந்தபின் தூதரகம் வருத்தம் தெரிவித்து வீசா வழங்கவும் முன்வந்தது. பேராசிரியரோ பயணத்தையே கைவிட்டுவிட்டார்.

இவ்வையம் புதியதன்று. 1952இன் குடிவரவுச் சட்டம் கொள்கை காரணமாகவே அந்நியரை விலக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1954இல் நோபல் பரிசாளரான பௌதிகவியலாளர் டிராக் பிரின்ஸ்ரனுக்குச் செல்ல வீசா மறுக்கப்பட்டதும் அக்காலச் சூழலிலேயே. (அவர் பின்னர் இந்தியாவுக்கு வந்தார். இழப்பு எவருடையது என்பது வெளிப்படை.)

2001 செப்ரெம்பர் 11இன் தாக்குதலுக்குப் பின்னர் இந்நடைமுறை பெரிதும் இறுகியது. தாக்குதலில் ஈடுபட்ட 19 பேருள் மாணவர் வீசாவில் நுழைந்தவர் ஒருவரே. ஏனையோர் பெரும்பாலும் உல்லாசப் பயணிகளாக வந்தவர்கள். அவருள் இருவருக்கு மாணவர் தகுதி வழங்கப்பட்டதாக அறிவிக்கும் கடிதங்கள், அவ்விருவரும் இறந்து ஆறு மாதங்கள் கழித்து, 2002 மார்ச்சில் புளோரிடாவிலுள்ள விமானப் பயிற்சிப் பள்ளியை வந்தடைந்தன. அரசின் ஒரு திணைக்களம் அறிந்ததை மற்றொன்று அறியாதிருந்தமையே இங்குப் புலனாகும் குறைபாடாகும். 2003இல் நடைமுறைக்கு வந்த மாணவர் பதிவுத் தகவல் முறைமை இக்குறையை ஓரளவு நிவர்த்தி செய்ய முனைந்தது. அதனைக் குறைகூற இடமில்லை.

இடர்ப்பாடு பிறிதோரிடத்தில் உள்ளது. 'மன்ரிஸ்' எனப்படும் பரிசீலனை ஆளைவிட அவர் கற்கும் துறையையே முதலில் நோக்குகிறது. நுண்மையான தொழினுட்பங்கள் எனக் கருதப்பட்ட துறைகளின் பட்டியலொன்று கொன்சல் அலுவலருக்கு வழங்கப்பட்டது. 2002இல் அது நகரத் திட்டமிடலையும் உள்ளடக்குமளவுக்கு விரிந்தது. அலுவலர் விஞ்ஞானியல்லர். ஒரு மாணவனை அனுமதித்து அவன் தீங்கிழைப்பானாயின் பழி அவ்வலுவலருக்கே. ஆயிரம் மாணவரைக் காக்கவைத்தால் அவரை எவரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஆகவே ஐயத்துக்குரிய எதனையும் வோஷிங்ரனுக்கு அனுப்பிவிடுதலே அவருக்குப் பாதுகாப்பானது. நாட்டின் பாதுகாப்பும் அலுவலரின் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதை இவ்விவாதத்தில் ஈடுபடுவோர் போதியளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2004 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, மாதிரியாக ஆராயப்பட்ட விஞ்ஞான மாணவர், அறிஞர் ஆகியோரின் பரிசீலனைக்குச் சராசரியாக 67 நாட்கள் சென்றன. திணைக்களங்களின் கணினிகள் ஒன்றோடொன்று தொடர்புறாமையும், எவ்விவரங்களை அனுப்புவதென அலுவலர் தெளிவற்றிருந்தமையும் காரணங்களாகக் காட்டப்பட்டன. பயிற்சியும் ஆளணியும் கூட்டப்பட்டபின், அதேயாண்டு நவம்பரில் இக்கால அளவு ஏறத்தாழ 15 நாட்களாகக் குறைந்தது. பரிசீலனை நீக்கப்படாமலே தாமதம் குறைந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. எனவே பாதுகாப்பையும் அனுமதியையும் ஒரு தராசின் இரு தட்டுக்களாகக் கொள்ளும் வழக்கமான வாதம் முழுவதும் பொருந்துவதன்று. 2004ஆம் ஆண்டு அனுமதிக்கென அமெரிக்கப் பட்டப்பின் கல்விக்கு வெளிநாட்டவர் அனுப்பிய விண்ணப்பங்கள் முந்திய ஆண்டைவிட 28 வீதத்தால் வீழ்ந்திருந்தன. ஏனைய நாடுகளின் போட்டியும் இதற்குக் காரணமெனினும், வீசா பற்றிய அச்சத்தின் பங்கை மறுத்தல் அரிது.

அறிவை மறைப்பதற்கு வேறு, ஒழுங்கான வழியுண்டு. 1985இல் ரீகன் அரசு பிறப்பித்த கட்டளை, அடிப்படை ஆராய்ச்சியின் முடிவுகள் இயன்றவரை கட்டுப்பாடின்றி இருத்தல் வேண்டும் என்றும், கட்டுப்பாடு அவசியமாயின் அவ்வாராய்ச்சியை இரகசியமென வகைப்படுத்துவதே முறை என்றும் வகுத்தது. பனிப்போரின் நடுவில் எழுந்த இக்கோட்பாடு, வாயிலில் நிற்பவரை ஐயுறுவதைவிட உள்ளிருக்கும் இரகசியத்தைக் காப்பதையே கேட்டது.

பின்வந்த அரசுகள் இதனை மறந்தன போலும். 2020 மேயில் சீன இராணுவத்துக்கு உதவும் நிறுவனங்களோடு தொடர்புற்ற பட்டப்பின் மாணவருக்கு எதிராகப் பிரகடனம் வெளியானது. 2025 மே இறுதியில் புதிய மாணவர் வீசா நேர்முகங்களுக்கு நாள் ஒதுக்குதல் சில வாரங்கள் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது விண்ணப்பதாரர் தம் சமூக ஊடகக் கணக்குகளை அனைவரும் பார்க்குமாறு திறந்துவைக்கப் பணிக்கப்பட்டனர். அப்பதிவுகளில் எதைத் தேடுவது என்பதை முடிவுசெய்பவர், முன்போலவே, அக்கொன்சல் அலுவலரே.