உத்தரவாதம் முடிந்தது, பொருள் முடிந்துவிடவில்லை!

பிள்ளைகள் பாடம் படிக்கும் மடிக்கணினி ஒருநாள் உயிரற்றுக் கிடக்கிறது. உத்தரவாதக் காலமோ என்றோ முடிந்துவிட்டது. "பழையதற்குச் செலவு செய்வானேன்? புதிதாகவே வாங்கிவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. கையில் பணமில்லை; தவணைக் கடன் வருகிறது. அதன் பின்னாலேயே வட்டியும் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

அன்பார்ந்த வாசகர்களே! அந்த முடிவுக்கு வருமுன் சற்று நிதானியுங்கள். பல வேளைகளில் பழுதுபட்டிருப்பது கணினியன்று. அதற்கு மின்சாரம் வழங்கும் அடாப்டரே. வீண்விரயத்தை நம் மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டுக் கொண்டார்கள். பழுதானதைச் சீராக்கிப் பயன்படுத்துவதில் இழிவேதும் இல்லை.

பழுது எங்கே?

முதலில் சுவரிலுள்ள பிளக்கில் வேறொரு கருவியைச் செருகிப் பாருங்கள். அங்கே மின்சாரம் இருந்தால், சுவருக்கும் அடாப்டருக்கும் இடையிலுள்ள கம்பியை மட்டும் மாற்றிப் பாருங்கள். பழுது அதில்தான் எனில் சிறு தொகையிலேயே காரியம் முடிந்துவிடும். அதற்கும் பலனில்லையெனில், பழுது பார்ப்பவரிடம் சென்று, அதே அளவுள்ள நல்ல அடாப்டரைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரில் அளப்பது மட்டும் போதாது. தனியே அளக்கையில் சரியாக இருக்கும் அடாப்டர், கணினியுடன் இணைந்ததும் துவண்டுவிடுவதுண்டு.

எதைப் பார்த்து வாங்குவது?

முனை பொருந்துகிறது என்பதற்காக எதையும் செருகிவிடாதீர்கள். பழைய அடாப்டரின் மேல் 'அவுட்புட்' என்னும் வரியைப் படியுங்கள். 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றிருப்பதாகக் கொள்வோம். புதியதிலும் வோல்ட் 19 ஆகவே இருத்தல் வேண்டும். ஆம்பியர் 3.42 அல்லது அதற்கு மேல் இருக்கலாம், 4.74 இருந்தாலும் கணினி தனக்குத் தேவையானதையே எடுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தாலோ அடாப்டர் கொதித்துக் கெடும். வட்டக் குறியின் இருபுறமும் உள்ள கூட்டல், கழித்தல் குறிகளும் ஒத்திருக்க வேண்டும். சில மடிக்கணினிகள் தம் நிறுவனத்தின் அடாப்டரையே ஏற்கும். ஆகவே கணினியின் மாடல் எண்ணையும் குறித்துச் செல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த அடாப்டரில் 'இன்புட்' 100–240 வோல்ட் என்றிருந்தால், நம் நாட்டின் 230 வோல்ட்டில் அச்சமின்றிப் பயன்படுத்தலாம்; பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 110 அல்லது 120 என்று மட்டுமே இருந்தால் நேரடியாகச் செருகவே கூடாது.

மலிவு எனும் மாயை

விலை குறைவென்று போலிகளை வாங்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்துக்கும் பிள்ளையின் கைக்கும் இடையே நிற்கும் காவல் அந்தச் சிறு பெட்டிதான். அது தரமற்றதானால் மின்னதிர்ச்சியும் தீயும் நேரலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவ்வெண் மெய்யானதா என்பதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் அறியலாம்.

வணிகச் சகோதரர்களே! குறையை மறைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். போலியை அசல் என்று விற்பதும் அதில் அடங்கும்.

வீண்விரயத்திலிருந்தும் வட்டியிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைக் காப்பானாக! ஆமீன்.