புளியஞ்சோலையில் ஏறும் முன்

ஜீயபுரத்திலிருந்து அதிகாலை நான்கு மணிக்கு வண்டி எடுத்தால், துறையூர், உப்பிலியபுரம் வழியாக விடியும் நேரத்துக்குப் புளியஞ்சோலை போய்விடலாம். கொல்லிமலையின் அடிவாரம் அது. மேலே ஆகாய கங்கையாக 300 அடி விழும் அய்யாறு, பாறை பாறையாக இறங்கி இங்கேதான் சமவெளியைத் தொடுகிறது. திருச்சிப் பக்கத்துக் குடும்பங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து, குளித்துவிட்டுத் திரும்பும் இடம். ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரரைக் கும்பிடப் போகிறவர்கள் ஏறும் வழி. மலையேற்றத்தில் ஆசை வைத்த இளைஞர்களின் கண்ணும் இப்போது அதன்மேல்தான்.

ஏறலாம். ஆனால் முதல் வேலை வனத்துறையிடம் அனுமதி கேட்பது. ‘ஊர்க்காரர்கள் போகிறார்களே’ என்பது அனுமதி ஆகாது.

2018 மார்ச் 11-ஐ மறக்க முடியாது. தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலை போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்தது. காய்ந்த புல், மலைச்சரிவு, பலத்த காற்று. தப்பி ஓட இடமில்லை. 23 உயிர்கள் போயின. அவர்கள் போன பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்று அரசு சொன்னது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 பாதைகளை, இணையத்தில் பதிவு செய்து உள்ளூர் வழிகாட்டிகளோடு போகும்படி தமிழக அரசு திறந்துவிட்டது. தீ பிடிக்கும் கோடைத் தொடக்கத்தில் காட்டுப் பாதைகளை மூடிவைப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த நாட்களில் வனத்துறை ‘வேண்டாம்’ என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

அனுமதி கிடைத்தபின் பார்க்க வேண்டியது நேரக் கணக்கு. புதிதாக ஏறுகிறவர்கள் கோட்டை விடுவது இதில்தான். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் பாதை, 800 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் இரண்டரை மணி நேரம் வருகிறது. ஆனால் அது குளிர்நாட்டு ஆள், பழகிய கால். நம் வெயில், வழுக்குப் பாறை, நடுவில் உட்காரும் நேரம் எல்லாம் சேர்த்தால் நான்கரை மணி நேரம் என்று வைப்பதே நியாயம். இறங்க மூன்று மணி நேரம். காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கினால் பதினொரு மணிக்கு மேலே; பன்னிரண்டுக்குத் திரும்பினால் மூன்று மணிக்கு அடிவாரம். மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், மரங்களுக்கு அடியில் இன்னும் முன்னதாகவே. ஆகவே பன்னிரண்டு மணி அடித்தால், அருவி எட்டிப்பார்க்கும் தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இந்த முடிவை வீட்டில் இருக்கும்போதே எடுத்து, உடன் வரும் எல்லோரிடமும் சொல்லிவைப்பது நல்லது. மலையில் நின்றுகொண்டு பேசினால் ஆசைதான் ஜெயிக்கும்.

ஆறு இன்னொரு விஷயம். அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மழை கொட்டலாம். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் வெள்ளம் பின்னால் வருகிறது என்று பொருள். உடனே கரையேற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தப் பாதையை நினைக்கவே வேண்டாம். மழை ஓய்ந்த மார்கழியும் தையும்தான் ஏற்ற காலம்.

பையில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், டார்ச், விசில். செருப்பு கூடாது, பிடிமானமுள்ள ஷூ வேண்டும். வாசனைத் திரவியமும் புகையும் மலைத்தேனீயைக் கிளப்பிவிடும். பாம்பு கடித்தால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ ஆபத்து. கடிபட்ட இடத்தை அசைக்காமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் திரும்புவோம், அதற்குமேல் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதே பாதுகாப்பு.

அனுமதி கிடைக்காவிட்டால் மலை கைவிட்டுப் போய்விடாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனால், அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஆகாய கங்கைக்கு இறங்குகின்றன. இறக்கம் சுகம், திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் பேசும். முதல் தடவை போகிறவர்கள் அந்தப் படிகளில் தங்கள் மூச்சைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மார்கழிக்குப் புளியஞ்சோலைப் பாதையைக் கேட்டு வனத்துறை அலுவலகப் படியேறட்டும்.