மலையுச்சியில் ஒரு விழி

நுழையும்முன்

விண்ணை நோக்குவோர் மலையுச்சியில் கண்விழித்துக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. இன்றோ தொலைநோக்கி ஓரிடத்தில் நிற்க, அதனை இயக்குவோர் ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அமர்ந்திருக்கின்றனர். இருளும் தெளிந்த காற்றும் உள்ள தொலைநிலங்களில் கருவிகளை நிறுவி, அவற்றைச் சமவெளியிலிருந்து இயக்கும் கலை எவ்வாறு வளர்ந்தது? அதற்கு அறிவியல் மட்டும் போதுமா? இவ்வினாக்களுக்கு இமயமலையின் சிற்றூர் ஒன்று விடை கூறுகிறது.

இருளைத் தேடி

தொலைநோக்கி எத்துணைப் பெரிதாயினும், அது நிற்கும் இடம் நன்றாக அமையாவிடில் அதன் ஆற்றல் வீணாகும். முகில் மறைத்தால் எதுவும் தெரியாது. காற்று கலங்கினால் விண்மீனின் உருவம் நடுங்கும். காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கிவிடும். நகரத்து விளக்கொளி வானில் பட்டுச் சிதறினால், மங்கலான விண்மீன்கள் அவ்வெளிச்சத்தில் கரைந்து போகும். ஆகவே உயரம், வறட்சி, அமைதியான காற்று, இருள் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இடமே வானியலுக்கு ஏற்ற இடமாகும்.

இந்திய வானாய்வகங்களின் வரலாறு இத்தகைய இடங்களைத் தேடிச் சென்ற பயணமாகவே அமைந்துள்ளது. 1792ஆம் ஆண்டு சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. கதிரவனை ஆராய்வதற்காக 1899இல் கொடைக்கானல் மலைமீது ஆய்வகம் நிறுவப்பட்டது. பின்னர் வேணு பாப்பு என்னும் வானியலறிஞர், இரவு வானத்தை ஆராய ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். யுரேனசு கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளமை 1977இல் வெளிப்பட்டபோது, காவலூரிலும் அந்நிகழ்வு பதிவுசெய்யப்பட்டது. அங்கு 1986ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அவ்வறிஞரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

எனினும் காவலூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்திலேயே உள்ளது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இருபருவ மழைமுகில்களும் அவ்வானத்தை ஆண்டின் பல மாதங்கள் மூடிக்கொள்கின்றன. முகிலைத் தாண்டிய உயரத்தில், பருவமழை எட்டாத நிலத்தில் ஓரிடம் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அத்தேடல் அறிவியலாளர்களை இமயமலைத் தொடருக்கு அப்பால், இலடாக்கின் ஹான்லே என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றது.

தேள்மலையில் ஒரு தொலைநோக்கி

ஹான்லேயில் திக்பா ரத்சா ரி என்னும் குன்று உள்ளது. அவ்வூர் மக்களின் மொழியில் இப்பெயருக்குத் தேள்மலை என்பது பொருள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4500 மீட்டர் உயரமுள்ள அக்குன்றின்மேல், இந்திய வான்இயற்பியல் நிறுவனம் இந்திய வானாய்வகத்தை அமைத்துள்ளது. தெற்கிலிருந்து வரும் பருவமழை முகில்களை இமயம் தடுத்து நிறுத்துவதால் ஹான்லே மழைமறைவு நிலமாக விளங்குகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 260 இரவுகள் நிறமாலை ஆய்வுக்கும், 190 இரவுகள் விண்மீன்களின் ஒளியை நுட்பமாக அளப்பதற்கும் ஏற்றவையாக உள்ளன.

இங்கு நிறுவப்பட்ட தொலைநோக்கியின் முதன்மை ஆடி 2.01 மீட்டர் விட்டமுடையது. இருளில் முழுதாக விரிந்த மனிதக் கண்மணியைக் காட்டிலும் அது ஏறத்தாழ 80 ஆயிரம் மடங்கு ஒளியைத் திரட்டவல்லது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அதன் ஆடிமீது முதன்முதலாக விண்மீன் ஒளி பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக, அதற்கு இமாலய சந்திரா தொலைநோக்கி எனப் பெயரிடப்பட்டது.

வானியலுக்குச் சிறந்த இடம் மனித உடலுக்குச் சிறந்த இடமன்று. 4500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே இருக்கும். மூச்சுக்கு மூச்சு உயிர்வளி குறையும்; தலைவலியும் உறக்கமின்மையும் வாட்டும். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும். அத்தகைய சூழலில் சோர்ந்த மூளையுடன் இரவு முழுதும் நுண்கருவிகளை இயக்குவது அரிது. ஆய்வுக்கென ஓரிரு இரவுகளே ஒதுக்கப்பட்ட ஒருவர், உடலை அவ்வுயரத்திற்குப் பழக்குவதற்கே சில நாள்களைச் செலவிட வேண்டும். கருவி மலையிலேயே இருக்கட்டும். மனிதர் கீழே இருக்கட்டும் என்னும் முடிவு இத்தேவையிலிருந்தே பிறந்தது.

கண் அங்கே, கை இங்கே

பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயில் இத்தொலைநோக்கியின் கட்டுப்பாட்டு அறை அமைந்துள்ளது. ஹான்லேயிலிருந்து அது ஈராயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. 2001ஆம் ஆண்டு ஜூன் முதல், செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக அவ்வறையிலிருந்தே தொலைநோக்கி இயக்கப்பட்டு வருகிறது. குவிமாடத்தைத் திறத்தல், தொலைநோக்கியை உரிய திசைக்குத் திருப்புதல், வடிகட்டிகளை மாற்றுதல், படம் எடுத்தல் ஆகிய பணிகள் அனைத்தும் கட்டளைகளாகப் பறந்து செல்கின்றன. படங்கள் எண்களாகத் திரும்பி வருகின்றன.

பழங்காலத்தில் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தனர். பின்னர் ஒளிப்படத் தகடுகள் வந்தன. அவற்றை ஒருவர் அருகிலிருந்தே பொருத்தவும் எடுக்கவும் வேண்டியிருந்தது. ஒளியை மின்னூட்டமாக மாற்றி எண்களாகத் தரும் சி.சி.டி. உணரி வந்த பின்னரே தொலைவிலிருந்து நோக்குதல் முழுமையாகக் கைகூடியது. பக்கத்துக்கு 2048 படப்புள்ளிகள் கொண்ட ஒரு சதுரப் படத்தில் ஏறத்தாழ 42 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. படம் என்பது எண்களின் அணிவகுப்பாக மாறியதும், அது பயணம் செய்யத் தடையேதும் இல்லாமற் போயிற்று.

அரை நொடியின் அருமை

தொலைவிலிருந்து இயக்குவதில் ஓர் இடர் உண்டு. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரு கட்டளை ஹொசகோட்டேயிலிருந்து மேலேறி ஹான்லேக்கு இறங்க 72,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் பயணம் செய்ய வேண்டும். நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும் வானொலி அலைக்கே அதற்குக் கால் நொடி ஆகிறது. மறுமொழி வந்து சேர மற்றொரு கால் நொடி ஆகும்.

அரை நொடியில் என்ன நிகழ்ந்துவிடும் என எண்ணத் தோன்றலாம். புவி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 விகலை நகர்வதுபோல் தோன்றுகிறது. ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கே விகலையாகும். அரை நொடியில் ஒரு விண்மீன் ஏழரை விகலை வரை நகர்ந்துவிடும். இத்தொலைநோக்கியின் படக்கருவியில் அது ஏறத்தாழ 25 படப்புள்ளிகளுக்குச் சமம். புள்ளியாகத் தெரிய வேண்டிய விண்மீன் கோடாக இழுபட்டுப் போக இத்தாமதமே போதும்.

எனவே எந்தப் பணியை எவர் செய்வது என்னும் பங்கீடு தேவைப்பட்டது. விண்மீனைப் பின்தொடர்ந்து நொடிதோறும் திருத்திக்கொள்ளும் பணியை மலையிலுள்ள கணினியே செய்கிறது. எதை நோக்குவது, எவ்வளவு நேரம் நோக்குவது, எடுத்த படம் போதுமா என்பவற்றைக் கீழிருக்கும் மனிதர் முடிவு செய்கிறார். விரைவு வேண்டிய பணி கருவிக்கு அருகிலும், சிந்தனை வேண்டிய பணி மனிதருக்கு அருகிலும் வைக்கப்படுவதே தொலைவியக்கத்தின் அடிப்படை நெறியாகும்.

தெரிந்து தெளிவோம்

ஹவாய், டெக்சாஸ், சிலி, கேனரித் தீவுகள், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் நிறுவப்பட்ட தொலைநோக்கிகளை லாஸ் கும்ப்ரெஸ் வானாய்வகம் ஒரே வலையமைப்பாக இணைத்து இயக்குகிறது. ஓரிடத்தில் பொழுது விடியும்போது மற்றோரிடத்தில் இரவு தொடர்வதால், ஒரு விண்மீனை இடைவிடாமல் கண்காணிக்க இயலும். கேனரித் தீவுகளுக்கும் கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட நெட்டாங்குப் பரப்பில் அமைந்துள்ளமை ஹான்லேக்கு உள்ள தனிச் சிறப்பாகும்.

கருவிக்கு ஓர் இல்லம்

பெரிய நிறுவனங்களுக்கே உரியதாக இருந்த இம்முறை இன்று கல்லூரிகளுக்கும் தனி ஆர்வலர்களுக்கும் எட்டியுள்ளது. சிலி, ஸ்பெயின், அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்கள் முதலியவற்றின் இருள்வான் நிலங்களில், பிறர் தொலைநோக்கிகளை ஏற்று வைத்துப் பேணும் நிலையங்கள் செயற்படுகின்றன. அதிராத அடித்தூண், மின்சாரம், இணைய இணைப்பு, நகரும் கூரை ஆகியவற்றை நிலையத்தார் தருவர். கருவியின் உரிமையாளர் உலகின் மற்றொரு மூலையிலிருந்து அதனை இயக்குவார்.

அத்தகைய நிலையங்களில் முதலிடம் பெறுவது பாதுகாப்பாகும். முகில், மழை, காற்றின் வேகம், ஈரப்பதம் ஆகியவற்றை உணரிகள் இடையறாது அளக்கின்றன. அளவு மீறினால், உரிமையாளரின் கட்டளைக்குக் காத்திராமல் கூரை தானே மூடிக்கொள்ள வேண்டும். கூரை தாழ்வாக இருப்பின், தொலைநோக்கி முதலில் படுத்த நிலைக்கு வந்தாக வேண்டும். இன்றேல் கூரையும் கருவியும் மோதிக்கொள்ளும். மின்சாரமோ இணையமோ துண்டிக்கப்பட்டாலும் இவ்வொழுங்கு பிறழலாகாது. ஐயம் எழுந்தால் மூடிவிடு என்பதே அங்குள்ள விதியாகும்.

ஹான்லேயும் இவ்வாறு பல கருவிகளின் இல்லமாக வளர்ந்துள்ளது. இந்திய வான்இயற்பியல் நிறுவனமும் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து நிறுவிய 0.7 மீட்டர் தொலைநோக்கி 2018 முதல் அங்குச் செயற்படுகிறது. இரவுக்குரிய பணிப்பட்டியலைப் பெற்றுக்கொண்டு, மனிதத் துணையின்றித் தானே வானை நோக்குவது அதன் சிறப்பு. விண்ணில் திடீரென வெடிக்கும் விண்மீன்களை விரைந்து காண அது பயன்படுகிறது. 21 மீட்டர் விட்டமுள்ள காமாக்கதிர்த் தொலைநோக்கியான மேஸ் 2024இல் தொடங்கிவைக்கப்பட்டது. காமாக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே தோன்றி மறையும் நீலநிற மினுக்கத்தைப் பிடிப்பது அதன் பணியாகும்.

ஆளில்லா மலையன்று

தொலைவியக்கம் என்றவுடன் மலையில் மனிதரே இல்லை என எண்ணிவிடக் கூடாது. உணரியைக் குளிர்விக்கும் திரவ நைட்ரசனை நிரப்ப, ஆடியைத் தூய்மை செய்ய, பனியை அகற்ற, பழுதைச் சீர்செய்ய ஆள் வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் தெரியும் ஒவ்வொரு படத்திற்குப் பின்னாலும், மெல்லிய காற்றில் மூச்சுவாங்கியபடி அக்குன்றில் ஏறியிறங்கும் பணியாளர்களின் உழைப்பு உள்ளது. ஆய்வுக் கட்டுரையில் வான்பொருளின் பெயர் இருக்கும். பொழுது சாய்ந்ததும் வீட்டுச் சன்னலில் திரையிட்ட சிற்றூர்க் குடும்பத்தின் பெயர் இராது.

அத்திரையின் தேவை சிறிதன்று. மலைச்சாலையில் வரும் ஓர் ஊர்தியின் முகப்பு விளக்குகூட மங்கலான ஒளியைப் பதிவுசெய்யும் கருவியைப் பாதிக்கக்கூடும். சாலைகள் செப்பனிடப்பட்டுப் பயணியர் வருகை பெருகியபோது இக்கவலையும் பெருகியது. ஊர் வளர்ச்சி கேட்கிறது. தொலைநோக்கி இருள் கேட்கிறது. விளக்கு வேண்டா என ஒரு சிற்றூரைத் தடுப்பது அறமாகுமா? விளக்குகள் பெருகட்டும் என விட்டுவிட்டால், நாட்டின் மிகச் சிறந்த வானம் என்னாகும்?

இவ்விரு தேவைகளையும் இணைக்கும் முயற்சியாக, 2022ஆம் ஆண்டு டிசம்பரில் இலடாக் ஒன்றியப் பகுதி நிருவாகம் ஹான்லேயை இருள்வான் காப்பகமாக அறிவித்தது. அதன் பரப்பு 1073 சதுர கிலோமீட்டர். அங்கு விளக்குகள் முற்றிலும் விலக்கப்படவில்லை, அவை நெறிப்படுத்தப்பட்டன. வெளிவிளக்குகளுக்குக் கவிகை இட்டு ஒளியைத் தரைநோக்கித் திருப்புதல், வெண்ணிற ஒளியைத் தவிர்த்து இளமஞ்சள் ஒளியைப் பயன்படுத்துதல், சன்னல்களுக்குத் திரையிடுதல் ஆகியவை வலியுறுத்தப்பட்டன. அச்சிற்றூர்களைச் சேர்ந்த 24 பேர் வானியல் தூதர்களாகப் பயிற்சி பெற்றனர். அவர்களுக்குச் சிறு தொலைநோக்கிகளும் வழங்கப்பட்டன. பயணியருக்கு விண்மீன்களைக் காட்டி விளக்கி, அவர்கள் வருவாய் ஈட்டுகின்றனர். இதனால் அதுவரை தொலைவிலுள்ளோர்க்கு மட்டும் பயன்பட்ட இருள், ஊராருக்கும் உரிய செல்வமாயிற்று.

இருளும் ஒரு வளம்

நீரைப்போல, காட்டைப்போல இருளும் ஓர் இயற்கை வளமே. ஆயினும் நீரைச் சேர்த்து வைப்பதுபோல் இருளைச் சேர்த்து வைக்க இயலாது. கெடாமல் காக்க மட்டுமே இயலும். இழந்த காடு மீள்வதற்குப் பல்லாண்டுகள் வேண்டும். இழந்த இருளோ விளக்கை அணைத்த அந்நொடியே மீண்டுவிடும். அவ்வெளிமையே நம்பிக்கையளிப்பதாகும்.

ஹொசகோட்டேயில் ஒருவர் பொத்தானை அழுத்த, தேள்மலையில் குவிமாடம் திறக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்மீன்திரளில் புறப்பட்ட ஒளி ஆடியில் பட்டு, எண்ணாகி, செயற்கைக்கோள் வழியே இறங்கி வந்து திரையில் ஒளிர்கிறது. அந்நெடும்பயணத்தின் இறுதிக் காவலர் ஹான்லே மக்களே. அவர்கள் தம் விளக்கைத் தாழ்த்தி வைப்பதால், தொலைவிலிருப்போர் விண்ணைக் காண்கின்றனர்.