ஆல்பாச் சந்தையும் பார்பரெஸ்கோ நிலவறையும்

இத்தாலியின் வடமேற்கே, தூரின் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில் ஆல்பா என்னும் சிறு நகர் உள்ளது. அதனைச் சூழ்ந்திருக்கும் லாங்கே குன்றுகளில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை திராட்சைத் தோட்டங்களே. பரோலோ, பார்பரெஸ்கோ என்னும் பெயர் பெற்ற வைன்கள் இங்குதான் உருவாகின்றன. 2014 இல் யுனெஸ்கோ நிறுவனம் இத்தோட்ட நிலங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

உரோமையில் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் இக்குன்றுகளில் பிறந்தவர். சிறு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இன்று எம்மைப் போலவே ஒரு குரு. "கூட்டுறவைப் பற்றி எவ்வளவோ பேசுகிறீர். ஒரு நாள் எங்கள் பக்கம் வந்து அதைச் சுவைத்துப் பாரும்" என்று அவர் பலமுறை அழைத்திருந்தார். ஒக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் அந்த வாய்ப்புக் கிடைத்தது. கூட்டுறவை எப்படிச் சுவைப்பது என்று அப்போது எமக்கு விளங்கவில்லை.

சந்தையில் ஒரு காலை

சனிக்கிழமைகளில் ஆல்பாவின் பழைய நகர் முழுவதுமே சந்தையாகிவிடும். நண்பர் கையில் ஒரு பிரம்புக் கூடை. எமது கையில் ஒரு துணிப் பை. முதலில் பாற்கட்டிக் கடைக்குப் போனோம். ரொக்காவெரானோ என்னும் மலைக்கிராமப் பகுதியில், பெரும்பாலும் ஆட்டுப்பாலில் செய்யப்படும் 'ரொபியோலா' என்ற மென்மையான பாற்கட்டியை விற்பனைப் பெண் கத்தி நுனியில் வெட்டி நீட்டினார். தயிரின் புளிப்பும் பச்சைப் புல்லின் மணமும் கலந்திருந்தன. அப்பகுதிக்கு வெளியே செய்யப்படும் எந்தப் பாற்கட்டிக்கும் 'ரொக்காவெரானோ ரொபியோலா' என்ற பெயரைச் சூட்டமுடியாது. சட்டம் அதைக் காக்கிறது. "ஆட்டைக் காப்பாற்றியது அந்தப் பெயர்தான்" என்றார் நண்பர். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே சொன்னார்.

அடுத்து உப்பிட்ட நெத்தலி. கடலே தெரியாத இந்த மலைநாட்டில் நெத்தலிக்கு என்ன வேலை என்று கேட்டோம். தெற்கே லிகூரியக் கரையிலிருந்து மலைகளைக் கடந்து உப்பு வந்த பழைய பாதைகளில், உப்போடு உப்பாக நெத்தலியும் வந்ததாம். இறைச்சி வாங்க வசதியில்லாத வீடுகளில் சுவை கொடுத்தது அதுதான். எமது ஊர்களில் ஒரு துண்டுக் கருவாடு ஒரு பானைச் சோற்றை இறக்கிவிடுவது நினைவுக்கு வந்தது.

பின்னர் ஹேசல் கொட்டைகள். லாங்கேயின் உயரமான சரிவுகளில் விளையும் இக்கொட்டைக்கு ஐரோப்பிய முறையிலான பெயர்ப் பாதுகாப்பு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கொக்கோ கிடைப்பது அரிதாயிருந்தது. ஆல்பாவில் இனிப்புக்கடை நடத்திய பியெத்ரோ ஃபெரேரோ, 1946 இல் கொக்கோவைக் குறைத்து, உள்ளூரில் மலிவாகக் கிடைத்த இக்கொட்டையை அரைத்துச் சேர்த்து ஓர் இனிப்பைச் செய்தார். அதன் வழிவந்ததே 1964 இல் சந்தைக்கு வந்த நுட்டெல்லா. இல்லாமையிலிருந்து ஓர் உலகத் தொழில் பிறந்தது. நாம் வறுத்த கொட்டையில் அரைக் கிலோ வாங்கிக்கொண்டோம்.

ஒக்டோபரில் ஆல்பாவிற்குப் போய் வெள்ளை ட்ரஃபிளைப் பாராமல் திரும்ப முடியாது. மரவேர்களோடு ஒட்டி மண்ணுக்கடியில் வளரும் ஒரு வகைக் காளான் அது. தோட்டத்தில் பயிரிடுவது மிகக் கடினம். பழக்கிய நாய்களை அழைத்துக்கொண்டு இரவிலும் விடியலிலும் காட்டுக்குள் போய் மணம் பிடித்துத் தோண்டுகிறார்கள். விலை கிலோவிற்கு ஆயிரக்கணக்கான யூரோ. கிழங்கு போன்ற ஒன்றைக் கண்ணாடிக் குடுவையிலிருந்து எடுத்து எமது மூக்கருகே பிடித்தார் ஒரு முதியவர். உள்ளி, தேன், மழையில் நனைந்த வைக்கோல் எல்லாம் ஒரே நேரத்தில் மணத்தன. மணந்ததற்கு அவர் பணம் கேட்கவில்லை. நன்றி சொல்லி நகர்ந்தோம்.

ஏழைகளின் சாப்பாடு

நண்பரின் சகோதரி வீட்டில் மதிய உணவு. மஞ்சட்கருவை நிறையச் சேர்த்துப் பிசைந்து, நூல்போல் அரிந்த 'தயாரின்' முதலில் வந்தது. அடுத்து 'பாஞ்ஞா கவுடா': நெத்தலி, உள்ளி, ஒலிவ் எண்ணெய் மூன்றையும் மெல்லிய தணலில் கரையவிட்டு, சூடு ஆறாமல் மேசையின் நடுவில் வைக்கிறார்கள். கறிமிளகாயையும் பச்சை மரக்கறிகளையும் அதில் தோய்த்து எல்லோரும் சேர்ந்து உண்பதே முறை. அறுவடை முடிந்ததும் தோட்டத்தில் உழைத்தவர்கள் கூடி உண்ட உணவு இது என்றார் சகோதரி. இன்று உணவகங்களில் இதற்கு நல்ல விலை.

இந்தச் செழிப்பு அண்மைக்காலத்தது என்பதை வாசகர்கள் மறக்கக்கூடாது. ஆல்பாவில் பிறந்த எழுத்தாளர் பெப்பே ஃபெனோலியோ 1954 இல் வெளியிட்ட 'லா மலோரா' என்ற கதை லாங்கே விவசாயியின் வறுமையைச் சொல்வது. நூத்தோ ரெவெல்லி இம்மாகாணத்து விவசாயிகளின் வாய்மொழிகளைச் சேகரித்து 1977 இல் வெளியிட்ட நூலின் பெயரே 'தோற்றவர்களின் உலகம்'. பிழைக்க வழியின்றி பியெமொந்தேப் பிரதேசத்திலிருந்து பல்லாயிரம் பேர் ஆர்ஜென்ரீனாவுக்குக் கப்பலேறினர். அயலிலுள்ள அஸ்தி மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பெர்கோலியோ குடும்பமும் 1929 இல் அவ்வாறு சென்றதே. அக்குடும்பத்து மகனைத்தான் உலகம் திருத்தந்தை பிரான்சிசாக அறிந்தது.

ஆலயத்தின் அடியில் வைன்

பிற்பகல் பார்பரெஸ்கோவை நோக்கிப் புறப்பட்டோம். ஏறத்தாழ 600 பேர் வாழும் கிராமம். ஒரு பழைய கோபுரம், ஒரு தெரு, கீழே தனாரோ ஆறு. முன்னர் வழிபாடு நடந்த சிறு ஆலயம் ஒன்று இன்று வைன் காட்சிக்கூடமாக இருக்கிறது. பீடம் இருந்த இடத்தருகே போத்தல் அடுக்குகளைக் கண்டு நாம் சற்றுத் தயங்கினோம். "பயப்படவேண்டாம், இந்த ஊரில் வைனும் ஆலயமும் உறவுக்காரர்" என்று நண்பர் உள்ளே அழைத்துச் சென்றார்.

நெபியோலோ என்ற திராட்சையில் செய்த வைனைக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். நிறம் மங்கிய மாணிக்கச் சிவப்பு. மணம் உலர்ந்த ரோசா. வாயில் வைத்ததும் கடுக்காய் கடித்தாற்போல் ஒரு துவர்ப்பு. "அவசரப்படாமல் ஒரு துண்டுப் பாற்கட்டியோடு பாரும்" என்றார் நண்பர். காலையில் வாங்கிய ரொபியோலாவோடு அந்தத் துவர்ப்பு இனிமையாக அடங்கியது.

அந்தத் துவர்ப்பிலேதான் கிராமத்தின் கதை அடங்கியிருக்கிறது. நெபியோலோவைப் பறித்த ஆண்டிலேயே குடிக்க முடியாது. இன்றைய சட்டப்படி பார்பரெஸ்கோ என்ற பெயரைத் தாங்கவேண்டுமானால் குறைந்தது 26 மாதங்கள் வைன் முதிரவேண்டும்; அதில் 9 மாதங்கள் மரப்பீப்பாவில். ஆனால் விவசாயிக்குப் பணம் அறுவடையன்று தேவை. கடன்காரன் 26 மாதம் காத்திருப்பானா? எனவே அவர் திராட்சையாகவே விற்றார். நண்பரின் தகப்பனார் மாட்டுவண்டியில் பழத்தை ஏற்றிக்கொண்டு ஆல்பாவிற்குப் போய், தரகர் வரும்வரை காத்திருப்பாராம். மாலையாக ஆகப் பழம் வாடும், விலையும் வாடும். தரகர் அதை அறிந்தே தாமதமாக வருவார். காத்திருக்கக் கூடியவன் விலை சொன்னான். காத்திருக்க இயலாதவன் தலையசைத்தான்.

இதனை முதலில் உடைக்க முயன்றவர் ஆல்பா வைன் கல்லூரியின் தலைவராயிருந்த தொமித்சியோ கவாத்சா. 1894 இல் 9 தோட்டக்காரரை ஒன்றுசேர்த்து ஒரு கூட்டுறவு நிலவறையைத் தொடங்கினார். பார்பரெஸ்கோ என்ற பெயர் வைனுக்கு நிலைத்தது அதன் வழியாகத்தான். ஆனால் 1920 களில், பாசிச ஆட்சிக்காலத்தில், அது மூடப்பட்டது.

மீண்டும் தொடங்கியவர் ஊர்ப் பங்குத்தந்தை தொன் ஃபியொரீனோ மரெங்கோ. 1950 களில் இளைஞர்கள் தூரின் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கிராமம் வெறுமையாகிக்கொண்டிருந்தது. சிறு நிலத்தோடு தனித்தனியே நின்றால் எவரும் மிஞ்சமாட்டார் என்று கண்ட அவர், 1958 இல் 19 சிறு விவசாயிகளைச் சேர்த்து 'பார்பரெஸ்கோ உற்பத்தியாளர்' என்ற கூட்டுறவை நிறுவினார். கட்டடம் இல்லை. முதல் மூன்று அறுவடைகளின் வைனும் ஆலயத்தின் நிலவறையிலேயே உருவானது. பின்னர் ஆலயத்தின் எதிரே சொந்த ஆலை எழுந்தது. இன்று 50 இற்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் அங்கத்தவர்கள். 100 ஹெக்டேருக்கும் அதிகமான நெபியோலோத் தோட்டங்கள் அவர்களுடையவை.

இதன் விதிகள் எளியவை. நிலம் அவரவருடையது. ஆனால் தமது நெபியோலோ முழுவதையும் கூட்டுறவிற்கே கொடுக்கவேண்டும். நல்லதை வெளியே விற்றுவிட்டுக் கழிவைச் சங்கத்திற்குக் கொண்டுவர இடமில்லை. கொடுப்பனவும் நிறைக்கு மட்டுமன்றி, பழத்தின் தரத்திற்கும் ஏற்ப. சிறந்த ஆண்டுகளில் 9 தோட்டங்களின் வைனைத் தனித்தனியாகப் போத்தலில் அடைக்கிறார்கள். மற்ற ஆண்டுகளில் அதுவும் பொது வைனிலேயே சேர்ந்துவிடும். பெயரை விற்பதற்காகத் தரத்தைத் தாழ்த்துவதில்லை.

ஒரு போத்தல் வாங்கினோம். அன்றைய கொள்வனவில் விலை கூடியது அதுதான். "இப்போது கூட்டுறவைச் சுவைத்துவிட்டீர்" என்றார் நண்பர்.

பெயர் கெட்டால்

பெயர் எவ்வளவு எளிதில் கெடும் என்பதையும் இம்மாகாணம் கண்டது. 1986 இல் சில வியாபாரிகள் மலிவான வைனின் வலிமையைக் கூட்டுவதற்காக மெதனோல் என்ற நஞ்சைக் கலந்தனர். 20 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிலர் பார்வையை இழந்தனர். குற்றம் சிலருடையது. தண்டனை நேர்மையாக உழைத்த எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்தது. இத்தாலிய வைனை வாங்க உலகம் அஞ்சியது. மலிவாக நிறையச் செய்வதை விட்டு, குறைவாகவும் நன்றாகவும் செய்யும் வழிக்குப் பலர் திரும்பியது அந்தப் பாடத்தின் பின்னரே. ஆல்பாவிற்கு அருகிலுள்ள பிரா நகரைச் சேர்ந்த கார்லோ பெத்ரீனியும் நண்பர்களும் உள்ளூர் உணவைக் காக்கும் இயக்கத்தைத் தொடங்கியதும் அதே 1986 இல். 1989 இல் அது 'ஸ்லோ ஃபூட்' என்ற உலக இயக்கமாயிற்று.

வரிசையின் கடைசியில் நிற்பவர்

மாலை வெயிலில் ஒரு சரிவோரம் வாகனத்தை நிறுத்தினோம். கீழே பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து பழம் வெட்டிக்கொண்டிருந்தனர். ஆபிரிக்கரும் கிழக்கு ஐரோப்பியருமாகத் தெரிந்தனர். நாம் அதுவரை நண்பரிடம் கேட்காத கேள்வியை அப்போது கேட்டோம்: "இவர்களுக்கும் கூட்டுறவு உண்டா?"

நண்பர் உடனே பதில் சொல்லவில்லை. ஆள்பிடி முகவர்கள் வழியாகத் தொழிலாளரைச் சுரண்டுவதைத் தடுக்க இத்தாலி 2016 இல் கடுமையான சட்டமொன்றை இயற்றியது. அப்படியிருந்தும் 2024 இல் ஆல்பாப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளரைச் சுரண்டியதற்காகச் சிலர் கைதுசெய்யப்பட்டனர். பரோலோவின் சிறந்த சரிவுகளில் ஒரு ஹெக்டேர் நிலம் பத்து இலட்சம் யூரோவிற்கு மேல் விலைபோகிறது. அந்த நிலத்தில் பழம் வெட்டுபவர், அன்று நண்பரின் தகப்பனார் தரகருக்காகக் காத்திருந்ததுபோல, இன்று தெருவோரத்தில் முகவரின் வாகனத்திற்காகக் காத்திருக்கிறார். "அப்பா நின்ற இடத்தில் வேறொருவர் நிற்கிறார். அவ்வளவுதான்" என்றார் நண்பர், கடைசியில்.

நாம் கொண்டுவந்தவை

வீடு திரும்பிப் பையை அவிழ்த்தபோது ஒரு போத்தல் வைன், அரைக் கிலோ கொட்டை, ஒரு டப்பா நெத்தலி. இவற்றோடு மூன்று எண்ணங்களும் வந்தன. முதலாவது, நல்ல பொருள் இருந்தால் மட்டும் போதாது. காத்திருக்கும் வலிமை வேண்டும், அந்த வலிமை ஏழைக்குக் கூடி நிற்பதால் மட்டுமே வருகிறது. இரண்டாவது, ஒரு ஊரின் பெயரும் ஒரு சொத்தே. அதனை ஒருவர் கெடுத்தால் அனைவரும் இழப்பர். மூன்றாவது, கூட்டுறவு தன் அங்கத்தவரை உயர்த்திவிட்டதும் தன் வேலை முடிந்ததென்று இருந்துவிடலாகாது. அங்கத்தவராக முடியாதவர் யார் என்று ஆண்டுதோறும் கேட்கவேண்டும்.

எமது ஊர்களிலும் திராட்சை விளைகிறது, பதநீர் இறக்கப்படுகிறது, நெத்தலி காய்கிறது. அவற்றுக்கும் தரகர் தாமதமாகவே வருகிறார். தொன் மரெங்கோவிடம் 1958 இல் முதலீடு என்று எதுவும் இருக்கவில்லை. 19 பேரும் ஒரு நிலவறையும் இருந்தன. உங்கள் ஊரில் அந்த 19 பேர் யார், வெறுமையாய்க் கிடக்கும் நிலவறை எது என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.