கொள்ளுத்தாத்தாவைத் தேடிய சனிக்கிழமைகள்

"உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன?" நம் வாலிபர் ஐக்கியக் கூடுகையில் இப்படிக் கேட்டபோது, பன்னிரண்டு பேரில் இருவர்தான் பதில் சொன்னார்கள். மத்தேயு முதலாம் அதிகாரத்து வம்ச வரலாற்றை மனப்பாடமாகச் சொல்லும் தம்பிக்கும் தெரியவில்லை. கேட்ட எனக்கே தெரியாது! நோயாளிகளிடம் குடும்ப விவரம் கேட்டு எழுதுவது நர்ஸான என் அன்றாட வேலை. சொந்த ஆச்சியிடம் உட்கார்ந்து கேட்டதில்லை.

ஆகவே கோடை விடுமுறையில் ஆறு சனிக்கிழமைகள், ஆலயத்தின் கீழ்த்தளத்தில் லேப்டாப்களோடு கூடினோம்.

முதல் பாடம் போனில்தான். நியூ ஜெர்சியில் காலை ஒன்பது என்றால் திருநெல்வேலியில் மாலை ஆறரை; ஆச்சிமார் ஓய்வாக இருக்கும் நேரம். சொந்த ஊர், சபை, கல்யாண ஓலை வாசித்த ஆலயம், அன்றைய உபதேசியார் பெயர் எல்லாம் கேட்டு எழுதினோம். ஊர்ப் பெயர் தெரியாமல் இணையத்தில் ஒரு அடியும் நகராது.

அடுத்து பெயர்க் குழப்பம். தளங்கள் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கோ தகப்பனார் பெயரே கடைசிப் பெயர், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எழுத்துக்கூட்டும் நிலையாக இருக்காது. திருநெல்வேலி 'டின்னவெல்லி'யாகவும், பாளையங்கோட்டை 'பாளம்கோட்டா'வாகவும் இருக்கும். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர்கள் "ஞானமுத்துவை 'என்'னில் தொடங்கிப் பார்!" என்று சத்தம் போட, தனியாகத் தேடியிருந்தால் கிடைக்காதவை கிடைத்தன.

கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் வரலாறு இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கிறது. 1780இல் பாளையங்கோட்டை சபையில் இருந்த 40 பேரின் பட்டியல் அதில் உண்டு. குளோரிந்தா அம்மாளும் அதில் ஒருவர். சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், தரங்கம்பாடி மிஷன் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரிலும் உள்ளன. ஆனால் அவற்றில் மிஷனெரிகளின் குரலே அதிகம். நம்மவர்களின் ஞானஸ்நானப் பதிவேடு பெரும்பாலும் ஊர் ஆலயத்து அலமாரியில்தான் இருக்கிறது.

ஃபேமிலிசர்ச் தளம் இலவசம், பயனுள்ளது. ஆனால் அதை நடத்துவது மார்மன் சபை. மரித்த முன்னோருக்காக ஞானஸ்நானம் எடுப்பது அவர்கள் வழக்கம். நம் விசுவாசம் அதுவல்ல. ஆகவே அங்கே தேடினோம்; குடும்ப மரத்தை மட்டும் சார்ட் பேப்பரில் வரைந்துகொண்டோம்.

ஐந்தாவது சனிக்கிழமை, ஒரு தங்கைக்கு ஊரிலிருந்து சித்தப்பா பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். அவளுடைய ஆச்சியின் பாட்டி, வளர்ந்த பிறகு ஞானஸ்நானம் பெற்றவர். பழைய பெயர், புதிய பெயர், பக்கத்தில் சாதி. அறையே அமைதியானது. "இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமா?" என்றார் உடனிருந்த பெரியவர் ஒருவர். அவருடைய கவலை எனக்குப் புரிந்தது. சாதிப் பெருமை பேசவென்றால் இந்தத் தேடலே நமக்கு வேண்டாம். ஆனால் மறைத்தால், அந்த அம்மாள் எதையெல்லாம் விட்டுவிட்டு ஆலயத்துக்குள் வந்தார் என்பதும் மறைந்துபோகுமே? அவரிடம் அப்படித்தான் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. படத்தை மட்டும் இன்னொரு முறை வாங்கிப் பார்த்தார்.

"அக்கா, பழைய பெயரையும் எழுதலாமா?" என்று கேட்டாள் தங்கை. இரண்டையும் எழுதினாள். பிறகு ஊருக்குப் போன் போட்டு, அந்தப் பழைய பெயரைச் சொன்னாள். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

"இது ஒனக்கு யாருட்டி சொன்னா?" என்றார் ஆச்சி.