பந்தைப் போடுபவர் பெரியவரா, பிடுங்குபவர் பெரியவரா? ஸ்மார்ட் விஷயத்தில் பாஸ்டன் ரசிகர்கள் 2 கட்சி!

கடைசி 3 வினாடி. மியாமி அணி 103. பாஸ்டன் அணி 102.

தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2023-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி இரவு, மியாமி நகரில் அரை இறுதித் தொடரின் 6-வது ஆட்டம். பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு எல்லைக் கோட்டில் இருந்து பந்தை உள்ளே வீசும் வாய்ப்பு கிடைத்தது.

பந்து வந்து சேர்ந்தது மார்க்கஸ் ஸ்மார்ட் கையில்!

டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த பாஸ்டன்காரர்களில் பாதிப் பேர் தலையில் கை வைத்தார்கள். மீதிப் பேர் எழுந்து நின்றார்கள். ஸ்மார்ட் உடம்பைத் திருப்பி, தூரத்தில் இருந்து கூடையை நோக்கி எறிந்தார். பந்து வளையத்தில் சுற்றியது. உள்ளே போவது போல் போக்குக் காட்டி வெளியே துள்ளியது!

அந்த நொடியில் எங்கிருந்தோ பாய்ந்து வந்தார் டெரிக் ஒயிட். துள்ளிய பந்தைப் பிடித்துக் கூடைக்குள் தள்ளினார். கடிகாரத்தில் பாக்கி இருந்தது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு! பாஸ்டன் 104, மியாமி 103.

ஜெயித்தது அணி. ஆனால் அன்று இரவே சண்டை மூண்டுவிட்டது. "அந்தப் பந்தை அவர்கிட்ட ஏன்யா கொடுத்தாங்க?" என்று ஒரு கட்சி. "அவர் எறிஞ்சதாலதானே பந்து அங்க வந்து விழுந்தது!" என்று இன்னொரு கட்சி.

இது ஒரு நாள் சண்டை அல்ல. 9 ஆண்டுச் சண்டை.

யார் இந்த ஸ்மார்ட்?

டெக்சாஸ் மாநிலத்துக்காரர். 1994-ல் பிறந்தவர். உயரம் 6 அடி 3 அங்குலம், எடை 100 கிலோ. நம் கண்ணுக்கு ஆஜானுபாகு. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் இது குள்ளர் கணக்கு.

அவர் ஆடும் இடத்துக்கு "கார்டு" என்று பெயர். பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துபவர் இவர்தான். மற்ற கார்டுகள் புள்ளி குவித்துப் பெயர் வாங்குவார்கள். ஸ்மார்ட் பெயர் வாங்கியது எதிரியைப் போட விடாமல் தடுத்து!

2014-ல் செல்டிக்ஸ் அணி இவரை 6-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் ஒரு ரகளை. கல்லூரி ஆட்டம் ஒன்றில், கூட்டத்தில் இருந்த ஒரு ரசிகரைக் கையால் தள்ளிவிட்டார். 3 ஆட்டங்களில் ஆடத் தடை விழுந்தது. ரசிகரைத் தள்ளியவர் ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆனது வேடிக்கைதான்.

ஆனதற்குக் காரணம் உண்டு. கீழே உருளும் பந்துக்கு மற்றவர்கள் குனிந்து பார்ப்பார்கள். இவர் குப்புற விழுவார். ஓடி வரும் மலை போன்ற ஆளுக்குக் குறுக்கே போய் நின்று நெஞ்சைக் கொடுப்பார். விளம்பரப் பலகையைத் தாண்டி ரசிகர்கள் மடியில் போய் விழுவார். "கடும் உழைப்பாளி" விருது 2019, 2022, 2023 என்று 3 தடவை இவருக்கே கிடைத்தது.

வீட்டிலும் அடி மேல் அடி. சின்ன வயதில் அண்ணன் புற்று நோயால் இறந்தார். 2018 செப்டம்பரில் தாயாரும் போய்விட்டார். நோயுற்ற குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தினார் ஸ்மார்ட். 2020-ல் கொரோனா வந்து குணமானதும், மற்ற நோயாளிகளுக்காகத் தன் ரத்தத்தில் இருந்து பிளாஸ்மா கொடுத்தார். "எங்க ஊர்ப் பிள்ளை" என்று பாஸ்டன்காரர்கள் சொன்னது சும்மா இல்லை.

8 வினாடியில் 2 தடவை!

ஸ்மார்ட் கட்சிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் எடுத்து வீசுவது ஒரு பழைய கதையை. 2017 டிசம்பர் 28-ந் தேதி நடந்தது அது.

பாஸ்டன் நகரில் ஹூஸ்டன் அணியுடன் ஆட்டம். ஒரு கட்டத்தில் பாஸ்டன் 26 புள்ளி பின்தங்கிக் கிடந்தது. மெல்ல மெல்ல ஏறி வந்து, கடைசியில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். ஹூஸ்டன் கையில் பந்து. 8 வினாடிகூட இல்லை.

ஹூஸ்டன் அணியின் நட்சத்திரம் ஜேம்ஸ் ஹார்டன். நாட்டிலேயே பெரிய புள்ளிக் குவிப்பாளர்களில் ஒருவர். அவரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டார் ஸ்மார்ட். பந்தை வாங்க வழி தெரியாமல் ஹார்டன் கையால் தள்ளினார். நடுவர் விசில் அடித்தார். தவறு! பந்து பாஸ்டனுக்கு. உடனே ஆல் ஹார்போர்டு கூடை போட்டார்.

ஆட்டம் முடியவில்லை. மறுபடியும் ஹூஸ்டன் பந்து. மறுபடியும் ஹார்டன். மறுபடியும் அதே ஒட்டல், அதே தள்ளல், அதே விசில்!

99க்கு 98 என்று பாஸ்டன் ஜெயித்தது. அந்தக் கடைசி வினாடிகளில் ஸ்மார்ட் கூடையில் போட்டது பூஜ்யம். ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது யார்?

"புள்ளிக் கணக்குப் புத்தகத்தில இதுக்குப் பத்தி எங்க இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்பது அவர்கள் கேள்வி. பதில் சொல்வது கஷ்டம்தான். திருட்டுப் போன வீட்டைப் பற்றி ஊரெல்லாம் பேசும். திருட்டுப் போகாத வீட்டின் காவல்காரனை யார் பேசுகிறார்கள்?

"வேண்டாம், வேண்டாம்... சபாஷ்!"

எதிர்க் கட்சியும் லேசுப்பட்டது அல்ல. அவர்கள் கையில் புள்ளிவிவரம் இருந்தது.

தூரத்தில் இருந்து போடும் 3 புள்ளி எறியில் அந்த லீக்கின் சராசரி நூற்றுக்குச் சுமார் 36. ஸ்மார்ட் கணக்கு 32 பக்கம். சரி, வராத வேலையை விட்டுவிடலாம் அல்லவா? விடமாட்டார்! எறிந்துகொண்டே இருப்பார். அவர் கை தூக்கினாலே அரங்கில் "வேண்டாம், வேண்டாம்" என்ற முனகல் எழும். உள்ளே விழுந்துவிட்டால் அதே வாய் "சபாஷ்" என்று கத்தும்.

2020 ஜனவரி 18-ந் தேதி பீனிக்ஸ் அணிக்கு எதிராக 22 தடவை தூரத்தில் இருந்து எறிந்தார். 11 விழுந்தன. அத்தனை பேர் ஆடிய செல்டிக்ஸ் வரலாற்றில் அது புதிய சாதனை! அன்று அவர் குவித்தது 37 புள்ளி. ஆட்டம் என்ன ஆயிற்று? பாஸ்டன் தோற்றது. 2 கட்சிக்கும் அன்று தீனி கிடைத்தது.

அப்புறம் அந்த "நடிப்பு". லேசாக இடித்தால்கூட லாரி மோதியது போல் விழுவார் என்று மற்ற ஊர் ரசிகர்கள் கேலி செய்தார்கள். பாஸ்டன் ரசிகர்கள் அதை மறுத்ததே இல்லை. சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வாயும் சும்மா இருக்காது. 2021 நவம்பரில் சிகாகோவிடம் தோற்ற இரவு, சொந்த அணியின் 2 பெரிய நட்சத்திரங்களான ஜேசன் டாட்டமும் ஜெய்லன் பிரவுனும் பந்தை மற்றவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று நிருபர்களிடமே போட்டு உடைத்துவிட்டார். "வீட்டு விஷயத்தை வீதியில பேசலாமா?" என்று பலர் கொதித்தார்கள். ஆனால் போகப் போகப் பந்து கை மாறத் தொடங்கியது. அந்த ஆண்டு பாஸ்டன் இறுதித் தொடருக்கே போய்விட்டது!

26 ஆண்டுக்குப் பிறகு...

அதே 2022-ல்தான் ஸ்மார்ட் கொடி உச்சியில் பறந்தது. லீக்கின் "சிறந்த தடுப்பாட்டக்காரர்" விருது கிடைத்தது.

இது சாமானிய விருது அல்ல. 1983-ல் தொடங்கியது. பெரும்பாலும் கூடைக்கு அடியில் நிற்கும் 7 அடி மனிதர்களுக்கே போகும். முதல் 2 ஆண்டு சிட்னி மான்கிரீப், 1986-ல் ஆல்வின் ராபர்ட்சன், 1987-ல் மைக்கேல் கூப்பர், 1988-ல் மைக்கேல் ஜோர்டான், 1996-ல் கேரி பேட்டன். கார்டுகளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பேட்டனுக்குப் பிறகு 26 ஆண்டு எந்த கார்டும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஸ்மார்ட்டுக்குக் கோப்பையைக் கொடுக்க அந்தப் பேட்டனே பாஸ்டனுக்கு வந்தார்!

இரண்டு தலை உயரம் கூடுதலான ஆள் எதிரே வந்தாலும் ஸ்மார்ட் ஒதுங்கமாட்டார். இடுப்பைத் தாழ்த்தி, கீழே இருந்து முட்டுக் கொடுத்து, அந்த ஆளைக் கூடைப் பக்கம் அண்டவிடாமல் வெளியே நகர்த்துவார். அந்த ஆண்டுப் பயிற்சியாளர் இமே உடோகா யாரையும் யாரும் தடுக்கலாம் என்று ஆட்டத்தை அமைத்திருந்தார். அந்த வித்தைக்கு ஸ்மார்ட் அச்சாணி.

2021 ஆகஸ்டில் போட்ட புது ஒப்பந்தத்தில் 4 ஆண்டுக்குச் சுமார் 7 கோடியே 70 லட்சம் டாலர் பேசப்பட்டிருந்தது. "கொடுத்த காசுக்கு மேலேயே உழைச்சிட்டார்" என்று அப்போது எதிர்க் கட்சியும் வாயை மூடிக்கொண்டது.

ஒரே ஆண்டுதான்.

மவுசு குறைந்ததா?

2022 செப்டம்பரில் உடோகா நீக்கிவைக்கப்பட்டார். புதிய பயிற்சியாளர் ஜோ மசூல்லா தூர எறிக்கு முதலிடம் கொடுத்தார். கூடைக்கு அடியில் காவல் நின்ற ராபர்ட் வில்லியம்ஸ் முழங்கால் அறுவை சிகிச்சையால் பாதி ஆண்டு ஆடவில்லை. பின்னால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் முன்னால் பாய்ந்து தடுப்பது எப்படி?

ஸ்மார்ட்டுக்கும் காயம். 82 ஆட்டங்களில் 61-ல்தான் இறங்கினார். சராசரி 11.5 புள்ளி, 6.3 உதவி. மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் காலில் பழைய வேகம் இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தது. சின்னக் கார்டுகள் அவரைத் தாண்டிப் போனார்கள். முந்தின ஆண்டு நாட்டிலேயே முதல் தடுப்பாட்டக்காரர். இந்த ஆண்டு தடுப்பாட்டத்துக்கான 2 கவுரவ அணிகளில் ஒன்றில்கூடப் பெயர் இல்லை! அதில் பெயர் வந்தது, பக்கத்திலேயே ஆடிய டெரிக் ஒயிட்டுக்கு. எறிந்தாலும் விழும், தடுத்தாலும் நிற்கும், சத்தமும் கிடையாது. அப்படி ஓர் ஆள் ஒயிட்.

செல்டிக்ஸ் ஆடும் அரங்கு, நார்த் ஸ்டேஷன் ரயில் நிலையத்தின் தலைக்கு மேல் இருக்கிறது. அந்தக் கோடைக்கு முன்னால், ஆட்டம் விட்டு ரயிலுக்கு நின்றவர்களின் பேச்சு இந்த மாதிரிதான் இருந்தது.

"ஒயிட் இருக்கும்போது இவர் எதுக்குப்பா?"

"அட போப்பா! ஒயிட் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனா ஆட்டம் கைவிட்டுப் போகும்போது மத்தவனை உலுக்கி எழுப்புறது யாரு?"

"உலுக்குறதுக்கு ஒரு ஆளுக்கு இத்தனை கோடியா?"

"உலுக்க ஆள் இல்லாம போகட்டும், அப்ப தெரியும்!"

மியாமி தொடரில் முதல் 3 ஆட்டமும் தோற்று, அடுத்த 3-ம் ஜெயித்து, 7-வது ஆட்டத்தைச் சொந்த ஊருக்கே கொண்டு வந்தது பாஸ்டன். மே 29-ந் தேதி அதில் 103க்கு 84 என்று மண்ணைக் கவ்வியது. ஊரே இழவு வீடு மாதிரி ஆனது.

வெடித்தது குண்டு

சரியாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் மாதத்தில் 3 அணிகள் சேர்ந்து ஆள் மாற்றிக்கொண்டன. வாஷிங்டனில் இருந்து 7 அடிக்கு மேல் உயரமான கிரிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் பாஸ்டன் வந்தார். ஸ்மார்ட் மெம்பிஸ் அனுப்பப்பட்டார். முதல் சுற்றுப் புதுமுகங்களைத் தேர்வு செய்யும் உரிமை 2-ம் பாஸ்டனுக்குக் கிடைத்தது.

கணக்குப்படி லாபம். ஆனால் அணியிலேயே நீண்ட நாள் இருந்தவர் போய்விட்டார். குறை சொல்லிக்கொண்டிருந்த கட்சியிலேயே சிலர் கண் கலங்கியதுதான் ஆச்சரியம். திட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை என்றால் வீடு வெறிச்சோடித்தானே போகும்!

அக்டோபரில் ஜூரூ ஹாலிடே வந்து சேர்ந்தார். அவரும் தடுப்பாட்டத்தில் புலி. கூடவே தூர எறியும் விழும். 82 ஆட்டங்களில் 64 வெற்றி. 2024 ஜூன் 17-ந் தேதி டல்லாஸ் அணியை வீழ்த்திச் செல்டிக்ஸ் 18-வது தடவை சாம்பியன் ஆனது!

"பார்த்தியா? அவரை அனுப்பினதாலதான் கோப்பை" என்றது ஒரு கட்சி. "அவர் 9 வருஷம் சொல்லிக் கொடுத்த தடுப்பாட்டம்யா அது" என்றது மறு கட்சி. 2 பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் நிஜம் இருக்கிறது. ஆனால் போர்சிங்கிஸ், ஹாலிடே இருவரையும் சேர்த்துப் பார்த்தால், ஆள் மாற்றம் தப்பு என்று வாதாடுவது ரொம்பக் கஷ்டம்.

மெம்பிஸ் போன ஸ்மார்ட்டைக் காயம் துரத்தியது. பாதம், பிறகு விரல். முதல் ஆண்டில் ஆடியது வெறும் 20 ஆட்டம். அந்தக் காயத்தோடுதான் 2024 பிப்ரவரி 4-ந் தேதி பாஸ்டன் அரங்குக்கு வந்தார். ஆட முடியாது. சாதாரண உடையில், எதிர் அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெரிய திரையில் அவருடைய பழைய ஆட்டங்களைப் போட்டார்கள். குப்புற விழுந்தது, பந்தைப் பிடுங்கியது, எல்லாம் ஓடியது.

அரங்கு முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. அதில் எந்தக் கட்சி எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

2025 பிப்ரவரியில் மெம்பிஸ் அவரை வாஷிங்டனுக்குத் தள்ளிவிட்டது. ஜூலையில் வாஷிங்டனும் கணக்கு முடித்து அனுப்பியது. அடுத்து அவர் ஒப்பந்தம் போட்ட இடம்தான் பாஸ்டன்காரர்களுக்குத் தொண்டையில் முள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ்! செல்டிக்ஸ் அணியின் பரம்பரை எதிரி. இறுதித் தொடரில் மட்டும் 12 தடவை மோதியவர்கள்.

பச்சைச் சட்டை போய் மஞ்சள் சட்டை வந்தது. முதுகில் இருந்த எண் மட்டும் மாறவில்லை. அதே 36.