அரை கிராம் ஈயமும் ஒரு கண்ணும்

ஏர்கன் வாங்கப் போகும் இளைஞர்கள் கடையில் முதலில் கேட்பது, "ஸ்பீடு எவ்வளவு அண்ணா?" என்பதைத்தான். அதோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: அந்த வேகம் எத்தனை கிராம் குண்டுக்கு?

பெட்டியின் மேல் 'நொடிக்கு 1000 அடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது ஈயமே இல்லாத, மிக லேசான உலோகக் கலவைக் குண்டை வைத்து எடுத்த கணக்கு. 0.33 கிராம் குண்டு அந்த வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 15 ஜூல். போட்டிகளில் பயன்படும் வழக்கமான ஈயக் குண்டு 0.53 கிராம், பெட்டியில் 8.18 கிரெய்ன் என்று எழுதியிருக்கும். அதையும் அதே வேகத்தில் தள்ளுகிற துப்பாக்கி என்றால் ஆற்றல் கிட்டத்தட்ட 25 ஜூல் ஆகிவிடும். இந்த வித்தியாசத்தில்தான் சட்டமே நிற்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்ற இரண்டு வரம்புக்குள்ளும் அடங்கும் ஏர்கன்னுக்கு மட்டுமே லைசென்ஸ் தேவையில்லை. 5.5 மில்லிமீட்டர் குழல் என்றால் லைசென்ஸ் வேண்டும். "ஸ்பிரிங்கை மாத்தித் தர்றேன், பவர் ஏறும்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கொடுத்து வரம்பைத் தாண்டினாலும் வேண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

ஆகவே பில் வாங்குங்கள். குழல் அளவையும், எந்த எடைக் குண்டுக்கு எத்தனை ஜூல் என்பதையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். எழுதித் தந்தது பொய் என்று தெரிந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். முதலில் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

குறி பார்த்துச் சுடுவது அருமையான விளையாட்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஒலிம்பிக் வரை போனவர். அந்தப் போட்டியில் 10 புள்ளிக்கான மையம் அரை மில்லிமீட்டர் புள்ளி; அதைத் துளைக்க நொடிக்கு 175 மீட்டர் வேகமே போதும், சுமார் 8 ஜூல்தான். தட்டையான முகம் கொண்ட குண்டையே அங்கே பயன்படுத்துகிறார்கள். காகிதத்தில் அது சுத்தமான வட்ட ஓட்டை போடும், மதிப்பெண் எண்ணுவது எளிது. கனமான, உருண்டை முகக் குண்டு காற்றில் அவ்வளவாக விலகாமல் தூரம் போகும்; ஆனால் 10 மீட்டர் உள்ளரங்கத்தில் அந்தத் தூரத்துக்கு வேலையே இல்லை. இதைப் பழக எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் இருக்கிறது. வடசென்னையில் ராயபுரத்திலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ போவது பெரிய பயணம் இல்லை.

வேட்டைக்கு எந்த எடை நல்லது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது. எண்ணூர் முகத்துவாரத்திலும் காட்டுப்பள்ளிப் பக்கமும் கொக்கு, நாரை, கூழைக்கடா என்று பறவைகள் இறங்குகின்றன. 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவில் கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் எண்ணெய் அப்பித் தவித்ததை ஊரே பார்த்தது. மிச்சம் இருப்பவற்றின் மீது யாரும் குறி வைக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், வேட்டையாட முயல்வதும் வேட்டைதான். குண்டு படாமல் பறவை பறந்துபோனாலும் குற்றம் குற்றமே. துப்பாக்கியோடு, போன பைக்கும் பறிமுதலாகலாம். "காக்காதானே" என்பவர்களுக்கு ஒரு தகவல்: காக்கையைத் தீங்குயிர் என்று ஒதுக்கி வைத்திருந்த பழைய ஐந்தாம் அட்டவணையையே 2022 திருத்தம் எடுத்துவிட்டது. அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

என் கவலையெல்லாம் மொட்டைமாடிதான். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் ஒரு வீட்டு மாடியும் அடுத்த வீட்டு ஜன்னலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அரை கிராம் என்பது ஒரு பாராசிட்டமால் மாத்திரையில் உள்ள மருந்தின் அளவுதான். ஆனால் குறி தவறினால் அந்த அரை கிராம் பல வீடுகளைத் தாண்டிப் போகும். தோட்டா என்று வந்துவிட்டால் தூரம் இன்னும் பயங்கரம். சின்னது என்று நினைக்கும் பாயின்ட் 22 தோட்டாவின் குண்டு 2.6 கிராம்; அது ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் ஆளைக் கொல்லும். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30 அன்று நடந்தது நினைவிருக்கும். துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து தப்பி வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். முறையான தளத்துக்கு அருகிலேயே இது நடந்தது என்றால், மாடியில் ஒரு அட்டைப்பெட்டியை நிறுத்திச் சுடுவதை எப்படிப் பாதுகாப்பு என்பது?

குண்டு எந்த உலோகம் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். ஈயம் மென்மையானது, கெட்டியான பரப்பில் பட்டால் நசுங்கும். செம்பு முலாம் பூசிய இரும்பு உருண்டைகள் நசுங்காது. சுவரிலோ தகரத்திலோ பட்டால் சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும். திருவிழாக்களில் பலூன் சுடும் கடை வைப்பவர்கள் பின்னால் வெறும் தகரத்தை நிறுத்தாமல் தடித்த சாக்கையோ துணியையோ தொங்கவிடுவது நல்லது. ஈயக் குண்டைப் பல்லில் கடித்தபடி நிற்கும் பையன்களைக் கண்டால் கண்டியுங்கள். ஈயம் நஞ்சு. சுட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது.

கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்கவோ, அழுத்தவோ, பிடுங்கவோ கூடாது. கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கப்பை மேலே கவிழ்த்து ஒட்டி, உடனே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உடம்பில் வேறெங்காவது என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு. குண்டுப் பெட்டியையும் கூடவே எடுத்துப்போய் ஈயமா இரும்பா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்புக்குள் இரும்பு இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுத்தால் காந்தம் அதை இழுத்து உள்ளே கிழித்துவிடும். சொல்லப் பயந்து, "கீழே விழுந்துட்டான்" என்று மறைக்கும் பெற்றோர்தான் பிள்ளையின் கண்ணைப் பணயம் வைக்கிறார்கள்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லி, ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள். வெளியே எடுத்த குண்டு போலீஸுக்குப் போக வேண்டிய தடயம். அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கவனக்குறைவாகச் சுட்டுக் கொடுங்காயம் ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவது கொடுங்காயம்தான். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் புகாரை எழுத்தில் உயர் அதிகாரிக்கு அனுப்புங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் மனு கொடுக்கும் வழியையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலேயே சொல்வார்கள்.